முப்பது மரவள்ளி அடை

"மாசம் எண்பது வெள்ளி, ஹஜ்ரத். அதுவும் ஜப்பான்காரன் அடிச்ச வாழைமர நோட்டு" என்றான் அப்துல் கஃபார்.

காதி அஹமது கபீர் எழுதிக்கொண்டார். ஜப்பான்காரன் வந்ததிலிருந்து காகிதத்துக்குப் பஞ்சம். பழைய காலண்டர் தாளின் முதுகில்தான் இப்போதெல்லாம் வழக்குகள் நடந்தன.

கஃபார் தஞ்சோங் பகார் துறைமுகக் கிடங்கில் சரக்கு எண்ணுகிறவன். இன்றைக்கென்றே தோளில் கிழிந்த சட்டையைத் தேடிப் போட்டு வந்திருந்தான்.

எதிரே ஆயிஷா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் இரண்டு வயது ஜைனப், காதியின் மசிக்கூட்டை எப்படிக் கவிழ்ப்பது என்ற யோசனையில் இருந்தாள்.

இருவருக்கும் தலாக் ஆகி ஐந்து மாதம். "இனி உனக்கு ஒரு காசு தந்தா நான் கஃபார் இல்ல!" என்று அன்றைக்கு அவன் போட்ட கூச்சலை பஃபலோ ரோடு முழுக்கக் கேட்டது. பிள்ளைச் செலவுக்கு அவன் என்ன தரவேண்டும் என்று கேட்கத்தான் ஆயிஷா இப்போது வந்திருந்தாள்.

"கிடங்குல கிடைக்கிற அரிசியையும் எழுதுங்க, ஹஜ்ரத்" என்றாள்.

காதி எழுதினார்.

"அது அரிசியா? பாதி கல்லு!" என்றான் கஃபார்.

காதி அரிசியைப் பாதியாகக் குறைத்தார்.

"இவ வருமானத்தையும் எழுதுங்க. தினமும் மரவள்ளி அடை சுட்டு விக்கிறா."

"பிள்ளைக்குச் செலவழிக்கிற கடமை உன்னுதுதான், தம்பி. ஆனா தொகையை முடிவு பண்ணணும்னா ரெண்டு பேர் வரவும் எனக்குத் தெரியணும்." காதி ஆயிஷாவின் பக்கம் திரும்பினார். "ஒரு நாளைக்கு எத்தனை அடைம்மா?"

"முப்பது. ஒண்ணு அம்பது காசு. ஒண்ணுகூட மிஞ்சாது."

காதி பெருக்கினார். நம்பிக்கை வராமல் மறுபடி பெருக்கினார். மாதம் நானூற்றைம்பது வெள்ளி. மரவள்ளிக்கும் விறகுக்கும் நூறு கழித்தாலும், கஃபாரின் சம்பளத்தைப்போல நாலு மடங்குக்கு மேல்.

கஃபாரின் முகம் மலர்ந்தது. "அப்ப கணக்குப்படி இவதானே எனக்குத் தரணும்?"

காதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்பது வருடத்தில் இப்படி ஒரு கேள்வி அவர் காதில் விழுந்ததில்லை.

"முப்பதையும் யாரும்மா வாங்குறாங்க?"

"ஒரே ஆளுதான். துறைமுகத்துல மூட்டை தூக்குற பசுபதி. காலையில வருவாரு, கூடையோட வாங்கிட்டுப் போயிடுவாரு. விலையே கேக்கிறதில்ல." ஆயிஷா குழந்தையை மறு தொடைக்கு மாற்றிக்கொண்டாள். "அதனால நாளையிலேருந்து ஒண்ணு ஒரு வெள்ளின்னு விக்கலாம்னு இருக்கேன். அதையும் எழுதிக்குங்க."

காதி எழுதத் தொடங்கினார். மாதம் தொள்ளாயிரம்.

"ஒரு வெள்ளியா!" கஃபார் எழுந்தே விட்டான். "அடிப்பாவி, தொள்ளாயிரத்துக்கு நான் எங்க போவேன்?"

எழுதிக்கொண்டிருந்த பேனா பாதியில் நின்றது. ஜைனப்கூட மசிக்கூட்டிலிருந்து கையை எடுத்தாள்.

காதி பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார். "நீ எதுக்குப்பா போகணும்?"

கஃபார் உட்கார்ந்தான். சட்டைக் கிழிசலுக்குள் விரலை விட்டு நோண்டினான். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். பசுபதி கையில் பணம் கொடுத்து அனுப்பி, கூடையை வாங்கிக்கொள்வது அவன்தான். தரமாட்டேன் என்று ஊரறியக் கத்திவிட்டான். பிள்ளை பசியோடு இருக்கக்கூடாதே.

"எண்பது வெள்ளிச் சம்பளத்துல நானூத்தம்பதா?"

"ஊர்ல சோப்பு கிடைக்கல. சவர்க்காரம் காய்ச்சி விக்கிறேன், ஹஜ்ரத்."

காதி காலண்டர் தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். அவளுடைய வருமானம் முழுக்க அவனுடைய வருமானம். அவன் மறைத்த வருமானம் முழுக்க அவளிடம் இருந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஓரத்தில் ஜைனப் பெயரை மட்டும் எழுதினார்.

ஆயிஷா பொறுமையாகக் கேட்டாள். "அத்தனை அடையையும் என்ன செஞ்சீங்க?"

"கிடங்குல ஆளுங்களுக்குக் கொடுத்தேன். ரெண்டாம் நாளே ஓடிட்டானுங்க. அப்புறம் எலிக்குப் போட்டேன்." அவன் குரல் தாழ்ந்தது. "எலியும் தொடல."

ஆயிஷாவின் மூக்கு சிவந்தது. "எழுதுங்க ஹஜ்ரத். அம்பது காசே இருக்கட்டும். ஆனா பசுபதி வரக்கூடாது. இவரே வாசல்ல வந்து நின்னு வாங்கணும். வாங்கி, என் கண் முன்னால ஒண்ணு தின்னணும். தினமும்."

காதிக்கு இது நியாயமாகவே பட்டது. எழுதினார்.

கஃபார் தாளை எட்டிப் பார்த்தான். "ஹஜ்ரத், வேணும்னா பணத்தைக் கூட்டிக்கலாமே?"

"கையெழுத்துப் போடுப்பா" என்றார் காதி.

மறுநாள் பொழுது விடிந்ததும் ஆயிஷா மரவள்ளியைத் துருவிப் பிழிந்தாள். மிளகாயை நசுக்கிப் போட்டாள். வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அது பசுபதியின் மணி அல்ல.

பசுபதிக்குப் பொய் சொல்ல வராது. பணம் யாருடையது என்று முதல் நாளே அவளிடம் உளறிவிட்டிருந்தான்.

அவள் அடுக்கின் பின்னாலிருந்து ஜாடியை எடுத்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, மாவில் உப்புப் போட்டாள்.