படத்துக்கு முன்னால் நின்றவள்

கறுப்புப் பர்தா போட்ட அந்தப் பெண் கால் மணி நேரமாக ஒரே ஓவியத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முகத்திரைக்கு மேல் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. வலது கை கைப்பைக்குள்ளேயே இருந்தது. வெளியே வரவே இல்லை.

மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த சாவிக்காரம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓவியக் கூடத்தைத் திறப்பது, பூட்டுவது, படங்களை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது, ஒன்பது வருஷமாக இதுதான் அவள் வேலை. பெயர் சொல்லி அங்கே யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

அந்த ஓவியத்தைப் பற்றிச் சொல்ல நாக்குக் கூசுகிறது, ஆனால் சொல்லாமல் தீராது. தெருவோரம் வரிசையாகக் கட்டி வைத்த கறுப்புக் குப்பைப் பைகள், ஒவ்வொரு பையிலும் ஒரு பெண்ணின் இரண்டு கண்கள். கீழே ஒரு தொழுகை விரிப்பு, அதன்மேல் சேற்றுச் செருப்புகள்.

படம் ஆணியில் ஏறிய அன்றே சாவிக்காரம்மா மேனேஜரிடம் போய் நின்றாள். தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இதைக் கழற்றிவிடுங்கள் சார், மனசு வலிக்கிறது என்றாள். கலை என்றால் அப்படித்தான் இருக்கும், உனக்குப் புரியாது என்று கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொல்லி அனுப்பிவிட்டார். அவளும் விடவில்லை. பார்வையாளர்கள் கருத்து எழுதும் நோட்டில், ‘என் மகளும் பர்தா போட்டுத்தான் காலேஜுக்குப் போகிறாள். அவள் குப்பை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தாள்.

மூன்று நாளில் அந்த நோட்டில் விழுந்த கோபம் அது ஒன்றுதான். மற்றவர்கள் வந்தார்கள், முகம் சுளித்தார்கள், போய்விட்டார்கள். வரைந்த ஓவியருக்கு அது பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிசாக வரைந்து மாட்டியும் ஏனென்று கேட்க ஒரு நாதி இல்லையே என்று அவர் மேனேஜரிடம் புலம்பியது சாவிக்காரம்மா காதிலும் விழுந்தது.

நாலாம் நாளான இன்று அவர் முகம் தெளிந்திருந்தது. நாலு மணிக்கு டிவிக்காரர்கள் பேட்டி எடுக்க வருகிறார்களாம். புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

இந்த நேரம் பார்த்தா இவள் வந்து நிற்க வேண்டும்?

சாவிக்காரம்மா மெல்ல எழுந்து பக்கத்தில் போய் சலாம் சொன்னாள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள், தலையை மட்டும் ஆட்டினாள், மறுபடியும் படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். சலாமுக்குப் பதில் சொல்லக்கூட வாய் வராத அளவுக்குக் கோபம் என்று சாவிக்காரம்மா நினைத்துக்கொண்டாள். அந்தக் கோபம் தனக்கு மட்டும் இல்லையா என்ன?

பையிலிருந்து கை கொஞ்சம் வெளியே வந்தது. கையில் ஒரு பாட்டில். உள்ளே சிவப்பு மை.

சாவிக்காரம்மா இன்னும் நெருங்கிப் போனாள். மை அந்தப் படத்தின்மேல் விழுந்தால் பழி இவள் ஒருத்தியோடு போகுமா? ஊரே பார்க்கும்படி எல்லா டிவியிலும் ஓடும். நாளைக்கு மகள் பஸ்ஸில் ஏறினால் அத்தனை கண்ணும் அவள் கைப்பைமேல்தான் இருக்கும்.

“வேண்டாம்மா,” என்றாள் கெஞ்சலாக. “எனக்கும்தான் வயிறு எரியுது. ஆனா நீ ஊத்திட்டுப் போயிடுவே, நாளைக்கு என் பொண்ணு தெருவுல நடக்கணும். வீட்டுக்குப் போயிடும்மா.”

அந்தக் கண்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தன. பிறகு வாசல் பக்கம் போயின. டிவிக்காரர்கள் நுழைந்துகொண்டிருந்தார்கள், கேமரா விளக்கு பளீரென்று எரிந்தது. அந்தப் பெண் மூடியைத் திருகிக் கையை ஓங்கினாள்.

சாவிக்காரம்மா யோசிக்கவே இல்லை. குறுக்கே பாய்ந்து பாட்டிலைப் பிடுங்கினாள். தன்னையும் தன் மகளையும் குப்பை என்று சொன்ன அந்தப் படத்தைத் தன் முதுகாலேயே மறைத்துக்கொண்டு நின்றாள். மை பாதி தரையிலும் பாதி அவள் முக்காட்டிலும் கொட்டியது.

இப்போது கேமராவுக்குத் தெரிந்தது என்ன? முக்காடு போட்ட ஒரு பெண், கையில் மை பாட்டில், பின்னால் அந்தப் படம். அவள் வாயைத் திறப்பதற்குள் ஓவியர் மைக்கின் முன்னால் வந்துவிட்டார். குரல் தழுதழுத்தது.

“பாத்துக்குங்க. இவங்களுக்குப் பயந்துக்கிட்டு எத்தனை நாள் வரையறது? இந்தம்மா மூணு நாள் முன்னாடியே எழுத்துல மிரட்டல் விட்டவங்க. கையெழுத்தோட இருக்கு.”

மேனேஜர் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். யாரோ போலீசுக்குப் போன் போட்டார்கள். நான் இல்லை, தடுக்கத்தான் வந்தேன் என்று சொல்லிப் பார்த்தாள் சாவிக்காரம்மா. மைக் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

பக்கத்தில் நின்ற பர்தாப் பெண் ஓடவில்லை. முகத்திரையைக் கழற்றி அதாலேயே விசிறிக்கொண்டாள். அவளைப் பார்த்ததும் ஓவியர் பேச்சை நிறுத்தி, போ போ என்று கையால் ஜாடை காட்டினார். அவளோ கேமராவைச் சுற்றிக்கொண்டு நேராக அவரிடமே வந்தாள்.

“சாரி சார், இந்தம்மா நடுவுல வந்து கெடுத்துட்டாங்க. இன்னொரு டேக் போயிடலாமா?”