மதனகாமப்பூ

மணல்தேரியில் மிஞ்சிய மதனகாமப்பூ மரங்கள் இரண்டுதான். ஒன்று ஆண், ஒன்று பெண். ஆண்மரம் பூத்ததும் அதன் மகரந்தத்தைப் பெண்மரத்தில் தூவ வேண்டுமென்று வனக்காவலர் ஞானசிகாமணி ஏழு வருடம் காத்திருந்தார். பூத்த வாரம் பார்த்துக் காய்ச்சலில் விழுந்தார். எழுந்து போனபோது பூவை யாரோ அடியோடு அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மணலில் கால் புதையப் புதைய வீடு வந்து சுவரில் சாய்ந்தார்.

மனைவி தங்கபுஷ்பம் பாலை நீட்டினாள். பாதி குடித்துவிட்டு, "என்னட்டி, கசக்கு?" என்றார்.

"மதனகாமப்பூ. மருந்துக்கடையில புதுசா வந்துருக்காம். புள்ளைக்கு இன்னும் எத்தன வருசந்தான் காத்துக் கெடக்க?"

"மிச்சம் இருக்கா?"

"முழுசையும் அரச்சிட்டேனே."

டம்ளரின் அடியில் மஞ்சளாய் மகரந்தம் படிந்திருந்தது. அதை விரலால் வழித்தெடுத்துக்கொண்டு, அவர் மறுபடி மணலில் இறங்கினார்.