மண்ணூரிலிருந்து ஒரு நூல்

"இந்தப் புள்ளி இன்னா ஊரு டீச்சர்?"

பள்ளிக்கூடத்துக் கூடத்தில் சாத்தி வைத்திருந்த வரைபடப் பலகையில், சிவப்பு நூல் சுற்றிய ஒரு குண்டூசியின் மேல் விரலை வைத்துக்கொண்டு அந்த ஆள் கேட்டார்.

"வல்லக்கோட்டைங்க" என்றாள் ஜயஸ்ரீ உற்சாகமாக. காலையிலிருந்து எத்தனையோ பெற்றோர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வாய் திறந்து கேட்டவர் இவர்தான்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கு எப்படி வந்து போகிறார்கள் என்பது அவளுடைய எம்.ஃபில். ஆராய்ச்சி. பிளஸ் டூ வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நூல். நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு குண்டூசி. போக்குவரத்துக் கழகத்து ஆட்கள் பார்த்தால் கூடுதலாக ஒன்றிரண்டு பஸ் விடமாட்டார்களா என்று தலைமையாசிரியருக்கு ஓர் ஆசை.

பலகையில் பிள்ளைகள் பெயர் ஒன்றுகூடக் கிடையாது.

அது அவள் கொடுத்த வாக்கு. குண்டு வெடித்த அந்தத் தொண்ணூற்றொன்று மே மாதத்துக்குப் பிறகு, எங்கே போய் வருகிறாய் என்று கேட்டால் அந்த ஊரில் குழந்தைகூட வாயை மூடிக்கொள்ளும். போலீஸ் அத்தனை கேட்டிருந்தது. யார் எங்கே போனார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியவராது என்று ஜயஸ்ரீ திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் பேசினார்கள்.

விரல் பின்னால் நகர்ந்தது. வல்லக்கோட்டையிலிருந்து பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்திலிருந்து மண்ணூர்.

"மண்ணூர்லேர்ந்து பிளஸ் டூ வர்றது எம்பொண்ணு ஒருத்திதான்" என்றார். "அம்சவல்லி. நான் அவ அப்பன், கன்னியப்பன்."

சலவைச் சட்டை. படிய வாரிய தலை. குரலில் கோபமே இல்லை.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்றிருந்தாள் ஜயஸ்ரீ. ஓர் ஊருக்கு ஒரே பிள்ளை என்றால் ஊரே பெயராகிவிடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கூடத்தின் கோடியில் அம்சவல்லி நின்றிருந்தாள். கிட்டே வரவில்லை. பின்னலின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்டதும் வல்லக்கோட்டை, அப்புறம்தான் வீடு. எதற்கென்று ஜயஸ்ரீ கேட்டதில்லை. பதினேழு வயசுப் பெண் வீட்டுக்குத் தெரியாமல் போகிறாள் என்றால் கேட்டுத்தான் தெரிய வேண்டுமா? கோயில் பக்கம் எவனாவது நிற்பான்.

"அது உங்க பொண்ணோடது இல்லீங்க" என்றாள். "பஸ் ஒழுங்கா வருதான்னு பாக்க மண்ணூர்ல ஏறி நானே ஒருதடவை போனேன். அந்த நூல்."

"அப்போ எம்பொண்ணோடது எது?"

மண்ணூர் வழியாக ஒரு மஞ்சள் நூல் ஓடியது. அதற்கு அடுத்த ஊரிலிருந்து வருகிற தாவீது என்ற பையனுடையது. ஜயஸ்ரீ சட்டென்று அதன்மேல் விரலை வைத்தாள்.

"இதோ. காலையில வர்றா. சாயங்காலம் நேரா வீடு."

கன்னியப்பன் அந்த நூலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையாட்டினார். கைகூப்பிவிட்டு வெளியே போனார். மகள் நின்ற பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஜயஸ்ரீ சிவப்பு நூலைப் பிடுங்கினாள். ஒரு குண்டூசி தெறித்துக் கீழே விழுந்தது. அம்சவல்லி ஓடி வந்தாள்.

"கொஞ்ச நாளைக்கு அவனைப் பாக்கப் போகாதே" என்றாள் ஜயஸ்ரீ, தாழ்ந்த குரலில்.

"எவன மிஸ்?"

"வல்லக்கோட்டையில…"

"அங்க எங்கம்மா கீது மிஸ்." அவளுக்கு உதடு கோணியது. "அப்பா அடி தாங்காம ஓடிப்போச்சு. ரெண்டு வருசமா ஊரு ஊரா தேடிக்கினு கீறாரு."

அப்போதுதான் ஜயஸ்ரீக்கு உறைத்தது. மகள் அங்கே எதற்குப் போகிறாள் என்று அந்த மனிதர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எந்த ஊர் என்றுதான் கேட்டார். அதை அவளே வாயாரச் சொல்லியிருந்தாள்.

இருவரும் வாசலுக்கு ஓடினார்கள். மண்ணூர் பஸ் நிற்கிற பக்கம் அவர் இல்லை. எதிர்ப்பக்கம், ஒரகடம் போகிற பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டிருந்தது. வல்லக்கோட்டைக்கும் அதுதான்.

ஜயஸ்ரீ நடுரோட்டில் நின்று ஓர் ஆட்டோவை மறித்தாள்.

கொஞ்ச தூரத்திலேயே பஸ்ஸை முந்தினார்கள். அம்சவல்லி சீட்டோடு சீட்டாகக் குனிந்துகொண்டாள். ஜன்னலோரம் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தார். நேரே முன்னால் பார்த்தபடி, சட்டைக் கையை மெல்ல மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

பஸ் பின்னால் சிறுத்து மறைந்த பிறகுதான் ஜயஸ்ரீக்கு மூச்சு வந்தது.

"வல்லக்கோட்டை போறதை ஏன்டி எங்கிட்ட சொன்னே? மறைச்சிருக்கலாமே."

"அங்கேர்ந்து திரும்பறதுக்கு அப்புறம் பஸ்ஸே இல்ல மிஸ்" என்றாள் அந்தப் பெண், தலையைத் தூக்காமல். "இன்னொண்ணு வுட்டாங்கன்னா எங்கம்மாகூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமேன்னு."

ஜயஸ்ரீ முன்னால் குனிந்து, இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள்.

கோயில் தெருவில் ஆட்டோ நிற்பதற்குள் அம்சவல்லி குதித்து ஓடினாள். பூக்கடை நிழலில் சாமந்தி கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளிக்கிழமை இல்லாத நாளில், தனக்கு நேரே ஓடி வருகிற மகளைப் பார்த்தாள்.

என்ன ஏது என்று அவள் கேட்கவில்லை. பாதி கட்டிய சரத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். கடைக்குள்ளிருந்து, ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்த துணி மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.