ஓட்டத்தில் ஒரு பிடி

விரலில் முள் குத்தியதும், ரத்தக்குழாயின் சுவரில் லெக்டின் என்ற குட்டிப் புரதம் தலைகாட்டியது. சர்க்கரையைப் பற்றிக்கொள்வது ஒன்றுதான் அதற்குத் தெரியும். விரைந்து வந்த ஒரு வெள்ளணுவின் மேலிருந்த சர்க்கரையை அது எட்டிப் பிடித்தது.

“விடு, எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க!” என்றது வெள்ளணு.

“சுவருக்கு அந்தப் பக்கம் கிருமிகள் நுழையுது.”

உருண்டு தடுமாறி நின்ற வெள்ளணு, அவ்வளவு வேகத்திலும் தன்னை நிறுத்திய அந்தச் சின்னப் பிடியை வியந்து பார்த்தது.

“அங்கே போனா திரும்பி வரலாமா?”

“வர முடியாது,” என்ற லெக்டின் பிடியை விட்டது.

வெள்ளணு ஓடிவிடவில்லை. உடலைக் குறுக்கி, சுவரின் இடுக்கு வழியே காயத்துக்குள் இறங்கியது.

லெக்டின் பிரமித்து நின்றது. அடுத்து வந்த வெள்ளணு தானாக அருகில் ஒதுங்கியது.

“என்னையும் பிடி,” என்றது.