பத்தாயிரமாவது டிக்கெட்

"ஒரு சீட்டுகூட இல்லையாம்மா?"

கவுண்டர் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "இல்லைங்கம்மா. நாப்பத்தெட்டும் போயிடுச்சு. ஹவுஸ்புல்."

இன்சூக்குக்கு அழுகையே வந்துவிட்டது. தெபெக் மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி, சுன்சோன் நகரத்துக்கு வந்து, இந்தச் சின்னத் தியேட்டரைக் கண்டுபிடிப்பதற்குள் பத்து நிமிடம் தாமதம். மாடியில் படம் தொடங்கிவிட்டது. நாட்டிலேயே இந்தப் படத்துக்கு இதுதான் கடைசிக் காட்சி. நாளைக்கு எங்கே போனாலும் பார்க்க முடியாது.

நின்றுகொண்டே பார்க்கிறேன் என்று கெஞ்சினாள். வேறு வழியில்லாமல், படத்தை எடுத்தது என் பொண்ணுதான் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லியும் பார்த்தாள். கவுண்டர் பெண்ணுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால், தான் வேலைக்குச் சேர்ந்தே நாலு நாள்தான் ஆகிறது, கூடுதலாக ஒரு ஆளை உள்ளே விட்டால் வேலை போய்விடும் என்று கையைப் பிசைந்தாள்.

தப்பு தன்மேல்தான் என்று இன்சூக்குக்குத் தெரியும். ஏழு வருடம் முன்பு மகள் தாயூன் நர்ஸ் வேலையை உதறிவிட்டு சினிமா எடுக்கக் கிளம்பியபோது, "உன் படத்தை எவன் காசு குடுத்துப் பார்ப்பான்?" என்று கேட்டவள் அவள்தான். அதன்பிறகு பண்டிகைக்குப் பண்டிகை ஒரு போன், அவ்வளவுதான். படம் வெளியான அன்று தாயூன் கூப்பிட்டாள். எண்ணெய் மில்லில் வேலை இருக்கிறது என்று இவள் போகவில்லை. இன்றைக்காவது பார்த்துவிட்டு, மகளிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லலாம் என்று வந்தால் இப்படி.

திரும்பும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கீழேயே இருந்த காப்பிக் கடையில் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பக்கத்து மேசையில் நாலு பேர். புதன்கிழமை தோறும் கூடும் சினிமாப் பைத்தியங்கள். வழக்கமாக இவர்கள் வாயில் விழுந்த படம் உருப்படியாக வெளியே வராது. போன வாரம் பார்த்த பெரிய போர்ப் படத்தில், குண்டு வெடித்தபோதுதான் கண் விழித்தேன் என்றான் கிஹ்யோன். பேய்ப் படத்தில் பேயைப் பார்த்துப் பாவப்பட்டதுதான் மிச்சம் என்றாள் போராம், பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்பவள். பிறகு பேச்சு மாடியில் ஓடும் படத்துக்குத் திரும்பியது. நாலு குரலும் சட்டென்று இளகிவிட்டன.

"அந்த பஸ் ஸ்டாண்டு சீன் ஒண்ணு போதும்," என்றான் கிஹ்யோன். "வீட்டை விட்டுப் போற பொண்ணை அம்மா கண்டபடி திட்டுது. பஸ் நகரும்போது, பஸ்ஸோட பக்கவாட்டுல உள்ளங்கையால ரெண்டு தட்டு தட்டுது பாரு, பத்திரமா கொண்டுபோய்ச் சேருன்னு பஸ்கிட்ட சொல்ற மாதிரி. ஆறு தடவை பார்த்துட்டேன். ஆறு தடவையும் அழுதேன்."

"அம்மா மேல உசுரையே வெச்சிருக்கிற பொண்ணுதான் அப்படி எடுக்க முடியும்," என்றாள் போராம்.

இன்சூக்கின் கையில் காப்பி ஆறிப்போனது. தெபெக் பஸ் ஸ்டாண்டில் அவள் அப்படித்தான் தட்டினாள். மகள் மறுபக்க ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பார்த்திருக்க மாட்டாள் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

போராம் திரும்பிப் பார்த்தாள். "நீங்களும் பார்த்தாச்சாம்மா?"

பெற்ற மகளின் படத்தைப் பார்க்காதவள் என்று எந்த முகத்தோடு சொல்வது?

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு. நல்ல படம்," என்றாள் இன்சூக்.

கிஹ்யோனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இந்த மாதிரிச் சின்னப் படத்தைப் பத்தாயிரம் பேர் பார்ப்பது சாதாரண விஷயமில்லை என்று நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொன்னான். நேற்று வரைக்கும் பத்தாயிரத்துக்கு நாற்பத்தெட்டு பேர் குறைவாம். இன்றைக்கு ஹவுஸ்புல். சரியாகப் பத்தாயிரம்.

"பத்தாயிரம் பேரா?" என்று இன்சூக் இரண்டு தரம் கேட்டாள்.

டிக்கெட் கிடைக்காததற்காக இப்படிப் பூரித்துப்போன ஒருத்தியை அந்தத் தியேட்டர் பார்த்திருக்காது. எவன் பார்ப்பான் என்று கேட்டவளுக்கே இடம் இல்லாத அளவுக்குக் கூட்டம். பஸ் ஏறியதும் மகளுக்குப் போன் போட்டு, பஸ் ஸ்டாண்டு சீன் பிரமாதம் என்று சொல்லப் போகிறாள். நாலு பேருக்கும் தலை குனிந்து விடைபெற்று, மூன்றரை மணிக்குக் கிளம்பிப் போனாள்.

நாலு மணிக்குக் கவுண்டர் பெண் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். நேராக அந்த நாலு பேரின் மேசைக்கு வந்து நின்றாள்.

"சார், நான் டூட்டிக்கு வரும்போதே படம் தொடங்கியாச்சு, எல்லாரும் உள்ளே இருக்காங்கன்னு நெனச்சேன். இப்ப பெருக்கலாம்னு போனேன். மேல ஒருத்தருமே இல்லை. படம் காலி சீட்டுக்கு ஓடியிருக்கு."

நாலு பேரும் சிரித்தார்கள். போராம் அவளை உட்காரவைத்து விளக்கினாள். பிடித்த படத்துக்கு ரசிகர்கள் செய்யும் மரியாதைதான் இது. டிக்கெட்டை வாங்குவார்கள், உள்ளே போக மாட்டார்கள். உடம்பு வராது, உயிரை மட்டும் அனுப்பிவைக்கிறோம் என்பார்கள். கடைசி நாள், அதுவும் வேலை நாள், யார் வரப்போகிறார்கள் என்று நாலு பேரும் காலையிலேயே போன் வழியாக ஆளுக்குப் பன்னிரண்டு டிக்கெட் வாங்கிவிட்டிருந்தார்கள்.

"பத்தாயிரம் ஆகணும்ல?" என்றான் கிஹ்யோன் பெருமையாக.

அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"ஒருத்தங்க உடம்போடயே வந்தாங்க சார்," என்றாள். "இவ்வளவு நேரம் உங்க பக்கத்து மேசையிலதான் இருந்தாங்க. சீட்டு இல்லைன்னு நான்தான் சொன்னேன். படம் எடுத்தவங்களோட அம்மா."