தண்ணீர் விடாத கால்

ஆறு முறை வெடித்துத் திரும்பிய பித்தளைத் தோட்டாக்கூடு ஒன்றுக்குக் கழுத்து விறைத்துப் போயிருந்தது. இன்னொரு முறை குண்டைச் செருகினால் பிளந்துவிடும். பிளந்தால் உடைசல் பித்தளை போடும் வாளிதான் கதி. அதனால் கழுத்தை மட்டும் தீயில் காட்டி இளக்குவதற்காக, துப்பாக்கிக்காரர் அதையும் அதன் கூட்டாளியான இன்னொரு கூட்டையும் தட்டில் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தினார்.

நீலத் தீ கழுத்தைத் தொட்டது. இத்தனை நாள் இறுகிக் கிடந்ததெல்லாம் மெல்ல விட்டுக்கொடுத்தது.

"அடடா, என்ன சுகம்! தண்ணியக்கா, காலை விடு. உடம்பு முழுக்க இளகட்டும்" என்றது கூடு.

"விட மாட்டேன்."

"பொறாமையா உனக்கு?"

"பொறாமைதான், போ. பேசாம நில்லு."

கூட்டாளி சிரித்தது. "நீ கெஞ்சிக்கிட்டே இரு. நான் கரையேறிட்டேன்." நகர்ந்து நகர்ந்து தட்டின் மேட்டுக்குப் போய், தீயை அடிவரை வாங்கிக்கொண்டது. கூடு ஏக்கத்தோடு பார்த்தது, எம்பியும் பார்த்தது. தண்ணீர் விடவில்லை. அதற்குள் துப்பாக்கிக்காரரின் விரல் வந்து தட்டிவிட, கூடு சுர்ரென்று தண்ணீரில் சாய்ந்து முழுகியது.

துப்பாக்கிக்காரர் கூட்டாளியை இடுக்கியால் எடுத்துத் திருப்பினார். அடிவரை நிறம் மாறியிருந்தது. "அடி இளகிட்டா வெடியைத் தாங்காதே" என்று முணுமுணுத்து, வாளியில் போட்டார்.

கூடு அதன்பின் மூன்று முறை வெடித்தது. கழுத்து பிளக்கவில்லை. மறுபடி அதே தட்டில் நின்றபோது, தீ பற்றுவதற்கு முன்பே குனிந்து சொன்னது:

"அக்கா, காலைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ."

"அப்புறம் விடச்சொல்லிக் கெஞ்சுவியே?"

"கெஞ்சுவேன்க்கா. நீ காதுல வாங்காதே."