போதுமா?

சிட்னியிலிருந்து வந்து, ஃபிஜியின் லவுதோக்காவில் உல்லாசக் கப்பல் ஏறிய முதல் நாளே பொன்சாமி கத்த ஆரம்பித்துவிட்டார்.

"தட்டைத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்க மாட்டேன்! தனி ரெஸ்டாரண்ட்ல டேபிள் போடச் சொல்லு!"

மகன் ரூபேஷுக்கும் சுர்ரென்று ஏறியது. "அதுக்குத் தனியா பணம் கட்டணும்பா. பஃபேன்னா டிக்கெட்டுலயே சேர்ந்தது. சிட்னியில ஒரு காபி வாங்க யோசிக்கிற ஆளு, இங்க வந்ததும் துரையாயிட்டீங்களா?"

"ஆமாடா, துரைதான்!"

மனைவி பாப்பம்மா எழுந்து ஒரு தட்டை எடுத்தாள்.

"வெச்சிட்டு உக்காருடி! உனக்கு ரோஷமே இல்லையா?"

"இருக்கு. அதனாலதான் போறேன்." மகனிடம் திரும்பினாள். "அப்ப நீ கைக்குழந்தை. ரெண்டாயிரமாவது வருஷம் கவர்மென்டைக் கவுத்தப்ப, இந்தியக்காரங்கன்னு நம்ம வீட்டைக் கொளுத்திட்டாங்க. இதே ஊரு அகதி முகாம்ல தட்டோட வரிசையில நின்னோம். ஆளுக்கு ஒரு கரண்டிதான். எனக்காக இன்னொரு கரண்டி கேட்டாரு உங்கப்பா. எல்லாரு முன்னாடியும் பிடிச்சுத் தள்ளிட்டானுங்க. உங்கிட்ட இதைச் சொல்லக் கூடாதுன்னு என் வாயைக் கட்டி வெச்சிருந்தாரு."

பொன்சாமி கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாப்பம்மா வரிசையில் போய் நின்று தட்டை நீட்டினாள். பரிமாறுகிறவன் ஒரு கரண்டி சோறு வைத்தான். அவள் நகரவில்லை. இன்னொன்று வைத்தான். மூன்றாவதும் வைத்தான். சோறு குவிந்து விளிம்பில் சரிந்தது.

"போதுமாம்மா?"

"அதை நான் சொல்றேன். நீ போடு."